பணம் கொடுத்தால் குழந்தை வளருமா? தாய்சேய் ஊட்டச்சத்துக்கு உதவித் திட்டங்களை வகுக்கும் விதம்

ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணமோ உணவுப் பொருளோ கொடுக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களால் தாய்சேய் ஊட்டச்சத்து உண்மையிலேயே மேம்படுகிறதா, மேம்பட வேண்டுமானால் திட்டத்தை எப்படி வகுப்பது என்பது கேள்வி.

மேம்படுகிறது, ஆனால் தானாக அல்ல. பணம் போய்ச் சேர்ந்த வீடுகளில் சாப்பாட்டுச் செலவு கூடுவதைப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தையின் உயரம் கூடியதைக் காட்டியவை அவற்றில் குறைவு. செலவு கூடியும் உயரம் ஏன் கூடவில்லை என்று தேடிப்போனால், பெரும்பாலும் காரணம் திட்டத்தின் அமைப்பில்தான் இருக்கும். அதில் என் கணிப்பில் முதல் இடம் காலத்துக்கு. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கு முன்னால் எப்போது கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

கருவில் ஏறக்குறைய 270 நாள், பிறந்தபின் இரண்டாவது பிறந்தநாள் வரை 730 நாள், ஆக 1000 நாள். கொடுக்க வேண்டிய காலம் இதுதான். குழந்தையின் உயரம் அதன் வயதுக்குரிய நடுமதிப்பிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கும் (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அலகு) கீழே போனால் அதை வளர்ச்சி குன்றல் என்கிறார்கள். அந்தச் சரிவு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. 6 மாதத்திலிருந்து 24 மாதம் வரை அது மிக வேகமாக இருக்கும். அதற்குப் பிறகு நல்ல உணவு கொடுத்தால் எடை ஏறும், இழந்த உயரம் முழுதாகத் திரும்புவது அரிது.

தென்னாப்பிரிக்காவில் 1998இல் தொடங்கிய குழந்தை ஆதரவு உதவித்தொகையை ஆராய்ந்தவர்கள், முதல் மூன்று வயதின் பெரும்பகுதியில் தொகை பெற்ற குழந்தைகளிடம்தான் உயர முன்னேற்றத்தைக் கண்டார்கள். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையோடு பணமும் சத்துணவும் கொடுத்த புரோகிரேசா திட்டத்திலும் அப்படித்தான். சேர்ந்தபோது 6 மாதத்துக்கும் குறைவாக இருந்த, மிக ஏழ்மையான வீட்டுக் குழந்தைகள் இரண்டு ஆண்டில் ஒப்பீட்டுக் குழுவைவிட சுமார் 1.1 செ.மீ. கூடுதலாக வளர்ந்தார்கள். தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இனி, காகிதத்தில் சரியாகத் தெரியும் ஒரு திட்டத்தில் விண்ணப்பம் எப்படி நகரும் என்று பாருங்கள். கர்ப்பம் தெரிந்து பெண் மையத்துக்கு வருவது மூன்றாம் மாதம். அடையாள அட்டை, திருமணச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் சேர்க்க இரண்டு மாதம். கணக்கில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினால் இன்னும் ஒரு மாதம். மேலிடத்தில் ஒப்புதல் காலாண்டுக்கு ஒருமுறைதான். முதல் தவணை வரும்போது குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும். கர்ப்பகாலத்துக்கு என்று ஒதுக்கிய பணம் பிரசவக் கடனை அடைக்கப் போகும். பட்டுவாடாக் கணக்கைப் பார்த்தால் 100 சதவீதம் கொடுத்தாகிவிட்டது. கருவில் இருந்த குழந்தைக்கு அதில் ஒரு வேளை உணவும் சேரவில்லை.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. முதல் பரிசோதனைக்கு வந்த அன்றே, சிறுநீர்ப் பரிசோதனை முடிவை வைத்தே, தற்காலிகப் பதிவு செய்துவிட வேண்டும். முதல் இரண்டு தவணைகளை அந்தப் பதிவின் பேரிலேயே கொடுத்துவிட்டு, சான்றுகளைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். ஒப்புதல் தாமதமானால் பதிவு நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையைத் தர வேண்டும். கரு கலைந்துவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் களப்பணியாளர் பயத்தில் ஏழாம் மாதம் வரை பதிவைத் தள்ளிப்போடுவார். மோசடி நடக்காதா என்று கேட்பார்கள். சிறிது நடக்கும். இரண்டு தவணை தவறிப் போவதால் வரும் நஷ்டம், ஆயிரக்கணக்கான பெண்கள் கர்ப்பகாலம் முழுவதையும் இழப்பதைவிடச் சிறியது.

தகுதி விதிகளிலும் இதே தவறு வேறு வடிவில் வரும். முதல் குழந்தைக்கு மட்டும், 18 வயது நிரம்பிய தாய்க்கு மட்டும் என்று வரம்பு வைக்கும் திட்டங்கள் உண்டு. மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கும் வளரிளம் பருவத்துத் தாயின் பிள்ளைக்கும்தான் வளர்ச்சி குன்றும் வாய்ப்பு அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டையோ சிறுமியர் திருமணத் தடுப்பையோ ஊட்டச்சத்துத் திட்டத்தின் தலையில் கட்டினால் இரண்டு நோக்கமும் கெடும்.

அடுத்தது தொகை. தேவையைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 450 கலோரி கூடுதலாகத் தேவை. தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் சுமார் 500. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டியது 6–8 மாதத்தில் சுமார் 200 கலோரி, 9–11 மாதத்தில் 300, 12–23 மாதத்தில் 550. கலோரியை மட்டும் பார்த்தால் இவை பெரிய அளவுகள் அல்ல, தானியத்திலும் எண்ணெயிலும் மலிவாகக் கிடைத்துவிடும். விலை ஏறுவது முட்டை, பால், இறைச்சி, மீன், பருப்பு, கீரை, பழம் என்று வரும்போதுதான். ஆகவே உள்ளூர்ச் சந்தை விலையில் சத்தான உணவுக்கு மாதம் என்ன ஆகும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து அந்த வீடு இப்போது உணவுக்குச் செலவிடுவதைக் கழித்து, மிஞ்சும் பள்ளத்தை அளவாகக் கொள்ள வேண்டும். புரோகிரேசாவின் தொகை குடும்பச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை வீட்டுச் செலவில் கரைந்துவிடும், குழந்தையின் தட்டுக்கு எதுவும் வராது. ஆண்டுக்கொருமுறை உணவு விலைக்கேற்பத் தொகையை உயர்த்தும் விதி இல்லாவிட்டால், நன்றாகத் தொடங்கிய திட்டமும் ஐந்தாறு ஆண்டில் அந்த நிலைக்கு இறங்கிவிடும்.

தவணையை மாதாமாதம் கொடுப்பதே நல்லது. மொத்தமாக வரும் பணம் கூரைக்கோ கடனுக்கோ போகும், அது இயல்பு. மருத்துவமனைச் செலவும் போக்குவரத்தும் சேரும் பிரசவ வேளைக்கு மட்டும் ஒரு பெரிய தவணை பொருந்தும். ஒழுங்கு அதைவிடப் பெரிய விஷயம். எந்த மாதம் வரும் என்று தெரியாத பணத்தை நம்பி எந்தக் கடைக்காரரும் முட்டையும் பாலும் கடன் தரமாட்டார். தேதி தவறாமல் வரும் சின்னத் தொகையை நம்பித் தருவார்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனாலும் இந்த நோக்கத்துக்குத் தாயின் பெயரில் கொடுப்பதையே நான் சொல்வேன். ஆலோசனை கேட்பவரும் உணவு வாங்குபவரும் ஒருவராக இருப்பது அதனால்தான் முடிகிறது. கணக்கு அவர் பெயரில் இருந்தும் அட்டையும் ரகசிய எண்ணும் வேறொருவர் சட்டைப்பையில் இருந்தால் பயனில்லை. பணம் எடுக்க அரை நாள் நடக்க வேண்டியிருந்தால், அந்த அரை நாள் கூலியைத் தொகையிலிருந்து கழித்துத்தான் உதவியின் உண்மை மதிப்பைப் பார்க்க வேண்டும். நைஜரில் 2009–10 வறட்சியையொட்டி நடந்த ஒரு திட்டத்தில், ரொக்கமாகப் பெற்றவர்களைவிடக் கைப்பேசி வழியாகப் பெற்ற குடும்பங்கள் பலவகை உணவு உண்டன. பயண நேரம் மிச்சமானதும், பணம் வந்தது பிறருக்குத் தெரியாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

பணமா பொருளா என்ற பழைய சண்டைக்குச் சந்தையைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது. ஊரில் கடை இருக்கிறது, சரக்கு தடையின்றி வருகிறது என்றால் பணம் போதும். வழங்கும் செலவும் குறைவு. ஒதுங்கிய ஊர்களில் கதை மாறும். பிலிப்பைன்ஸில், பரிசோதனைக்கு வருவது போன்ற நிபந்தனைகளோடு பணம் தரும் திட்டத்தில், பெரும்பாலான வீடுகள் பயனாளிகளாக இருந்த ஒதுக்குப்புற ஊர்களில் முட்டை, மீன் போன்ற கெட்டுப்போகும் உணவுகளின் விலை ஏறியது. பயனாளி அல்லாத வீட்டுக் குழந்தைகளிடம் வளர்ச்சி குன்றல் அதனால் அதிகரித்தது. ஒரு வீட்டுக்குக் கொடுத்த உதவி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்ததாக முடிந்தது. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பகுதியைப் பொருளாகவே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அல்லது அங்கே மட்டுமாவது தகுதி பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளாகக் கொடுத்தாலும் சிக்கல் உண்டு. குழந்தைக்கென்று கொடுக்கும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். அது திருட்டு அல்ல, ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டின் வழக்கம். பெரிய பொட்டலமாகக் கொடுத்தால் பகிர்வு கூடும். நாளைக்கு 20 கிராம் என்று சிறு பொட்டலமாக வரும், கொழுப்பு கலந்த சத்துப் பசை ‘குழந்தையின் மருந்து’ போலக் கருதப்படுவதால் அதில் பகிர்வு குறைவு. கலவையில் என்ன சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மெக்சிகோ திட்டத்தின் குழந்தை உணவில் முதலில் சேர்த்த இரும்பின் வடிவம் உடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை என்று தெரிந்தபின் அதை மாற்றினார்கள். இன்னொரு எச்சரிக்கையும் மெக்சிகோவிலிருந்தே வருகிறது. ஏற்கெனவே பெண்களிடம் உடற்பருமன் பரவியிருந்த கிராமங்களில் உணவு உதவி கொடுத்தபோது பெண்களின் எடை மேலும் ஏறியது. கலோரிப் பற்றாக்குறை இல்லாத இடத்தில் எண்ணெயும் மாவும் கொடுப்பது உதவி ஆகாது.

இனி, பணம் மட்டும் போதாது என்பதற்கு நேரடிச் சான்று. வங்காளதேசத்தில் 2012 முதல் 2014 வரை நடந்த சோதனை ஒன்றில், வட பகுதியின் மிக ஏழைப் பெண்களில் சிலருக்குப் பணம் மட்டும், சிலருக்குப் பணத்தோடு ஊட்டச்சத்து ஆலோசனையும் கொடுத்தார்கள். ஆலோசனை சேர்ந்த குழுவில் வளர்ச்சி குன்றல் 7 சதவீதப் புள்ளிக்கு மேல் குறைந்தது. பணம் மட்டும் பெற்ற குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மியான்மரின் சின் மாநிலத்திலும் பணத்தோடு ஆலோசனை சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது. வங்காளதேசத்தின் ஆலோசனை சுவரொட்டி ஒட்டிய வேலை அல்ல. வாரந்தோறும் சிறு குழுக் கூட்டம், வீட்டுக்கு வந்து பார்ப்பது, கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டுப் பேசுவது என்று நடந்தது. தட்டில் எது விழ வேண்டும் என்று முடிவு செய்பவர் பல வீடுகளில் தாய் அல்ல. அவரை மட்டும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் அந்தப் பாடம் வாசலோடு நின்றுவிடும்.

ஆலோசனை என்பது ‘சத்தான உணவு கொடுங்கள்’ என்ற வாசகமும் அல்ல. எவ்வளவு, எப்படி, எத்தனை முறை என்று கையில் கிண்ணத்தோடு காட்ட வேண்டும். 250 மி.லி. பிடிக்கும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டாம் மாத முடிவுக்குள் வேளைக்கு அரைக் கிண்ணத்துக்கு வர வேண்டும், நாளைக்கு இரண்டு மூன்று முறை. 9–11 மாதத்தில் அரைக் கிண்ணம், மூன்று நான்கு முறை. ஒரு வயதுக்குப் பின் முக்கால் முதல் முழுக் கிண்ணம். கஞ்சி, கரண்டியைச் சாய்த்தால் தண்ணீர்போல ஒழுகக் கூடாது, மெதுவாக வழிய வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது, நீர்த்த கஞ்சியில் அது நிறைந்துவிடும், சத்து போகாது. பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான், இதைத் திருத்தப் பணமே தேவையில்லை. தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு உணவு வகைகளில் நாளைக்கு ஐந்து வகையாவது வர வேண்டும் என்பது உலக அளவில் பயன்படும் குறைந்தபட்ச அளவுகோல்.

தாய்க்குச் சொல்ல வேண்டியதும் இதே துல்லியத்தில் இருக்க வேண்டும். கர்ப்பத்தில் நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்துப்போவது ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்கள் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுக்கும் இடங்களில் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கச் சொல்லக் கூடாது, இரும்பு உறிஞ்சப்படுவதை அது தடுக்கும்.

அதிகம் பேசப்படாத செலவு தாயின் நேரம். பொதுப்பணி செய்தால்தான் உதவி என்ற திட்டங்களில், ஆறு மாதக் குழந்தையின் தாய் வெயிலில் மண் சுமந்துவிட்டு வந்து எப்போது பால் கொடுப்பார், எப்போது நாளைக்கு மூன்று முறை ஊட்டுவார்? பொதுப்பணிக்குக் கூலியாகப் பணமோ உணவோ தரும், 2005இல் தொடங்கிய எத்தியோப்பியாவின் உற்பத்திப் பாதுகாப்புத் திட்டம், குடும்பங்களின் உணவு நிலையை உயர்த்தியும் குழந்தைகளின் உடலளவில் முன்னேற்றத்தைக் காட்டவில்லை. பின்னர் விதிகளைத் திருத்தி, கர்ப்பம் உறுதியானது முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை அந்தப் பெண்ணை வேலையிலிருந்து விடுவித்து நேரடி உதவிக்கு மாற்றினார்கள். விதியில் இருந்தாலும், கர்ப்பத்தைச் சுகாதாரப் பணியாளர் உறுதிசெய்த தகவல் வேலைப் பட்டியல் எழுதுபவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பெயர் மாறும். இரண்டு துறைகளுக்கு நடுவே ஒரு துண்டுச்சீட்டு நகரும் வழியைக் கட்டாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. சம்பள வேலையில் இருப்பவருக்கு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை 14 வாரப் பேறுகால விடுப்பைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரைக்கு அதுவே போதாது. கூலி வேலை செய்பவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு மாதத் தொகைதான் விடுப்புச் சம்பளம், ஆகவே பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதத் தொகை அவர் இழக்கும் கூலியோடு ஒப்பிட்டு வைக்கப்பட வேண்டும்.

நிபந்தனைகள் பற்றி: பரிசோதனைக்கு வருதல், தடுப்பூசி போடுதல் என்று மென்மையாக வைக்கலாம். வராவிட்டால் தொகையை வெட்டுவதைவிட வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது மேல். முதலில் தவறுவது பெரும்பாலும் மிக வறியவரும் மிகத் தொலைவில் இருப்பவரும்தான். மையத்தில் எடைக்கருவி பழுது, தடுப்பூசி இருப்பு இல்லை என்ற நிலையில் நிபந்தனை வைப்பது பெண்ணைத் தண்டிப்பதுதான். குழந்தையின் எடையையோ உயரத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் தொகையோடு இணைக்காதீர்கள். பிரேசிலின் வடகிழக்கில் ஒரு திட்டத்தில், பண உதவி பெற்ற குழந்தைகளின் எடை மற்றவர்களைவிடச் சற்றே மெதுவாக ஏறியது. எடை குறைந்த குழந்தை இருந்தால்தான் உதவி என்றிருந்த முந்தைய திட்டத்தின் நினைவில், பிள்ளை தேறிவிட்டால் பணம் நின்றுவிடும் என்று தாய்மார் எண்ணியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

சுகாதாரச் சேவை இல்லாத இடத்தில் உதவித்தொகை அதற்கு மாற்றாகாது. மாதம் ஒருமுறை பயனாளியைச் சந்திக்கும் பணியாளர் கையில் ஒரு புஜ அளவு நாடா இருந்தால் போதும்: 6 முதல் 59 மாதக் குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் மெலிவு, 11.5க்குக் கீழே என்றால் கடும் மெலிவு, உடனே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கைகழுவும் வசதியும் எளிய கழிப்பறையும் சேர்த்துவிட்டால் உயரம் கூடும் என்று ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் நடந்த பெரிய சோதனைகளில் அவற்றால் உயரம் கூடவில்லை. சத்துப் பசையும் உணவூட்டல் ஆலோசனையும் சேர்ந்தபோது சிறிது கூடியது. தூய்மைக்குச் செலவிட வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, உயரத்தைச் சொல்லி அதற்கு நிதி கேட்க வேண்டாம்.

பலனை அளப்பதில் நடக்கும் அவசரம் பல திட்டங்களைக் கெடுத்திருக்கிறது. முதல் ஆண்டிலேயே வளர்ச்சி குன்றலை அளந்து, மாறவில்லை என்று மூடிவிடுவார்கள். அளக்க வேண்டிய குழந்தை, கருவிலிருந்து இரண்டு வயது வரை முழுதாக உதவி பெற்ற குழந்தை. அப்படி ஒரு குழந்தை இருக்கவே திட்டம் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆக வேண்டும். அதுவரை பார்க்க வேண்டியவை: எத்தனாவது கர்ப்ப மாதத்தில் முதல் தவணை கைக்கு வந்தது, எத்தனை தவணை தேதி தவறியது, பெண்கள் பத்து உணவு வகைகளில் ஐந்தையாவது உண்கிறார்களா, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறார்களா. முதல் எண் ஒன்றைச் சொன்னாலே திட்டத்தின் நிலையைப் பாதி சொல்லிவிடலாம். உயரம் அளக்கும்போது இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்கவைத்து நீளமாகத்தான் அளக்க வேண்டும். நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும். ஓராண்டு படுக்கவைத்தும் மறு ஆண்டு நிற்கவைத்தும் அளந்தால், உண்மையில் கிடைத்த பலனில் பெரும்பகுதி அந்த வித்தியாசத்திலேயே காணாமல் போகும்.

கடைசியாக, நிதி குறைவாக இருக்கும்போது எதை வெட்டுவது. வழக்கமாகத் தொகையைப் பாதியாக்கி எல்லோருக்கும் கொடுப்பார்கள், அரசியலுக்கு அது வசதி. ஊட்டச்சத்து நோக்கில் வெட்ட வேண்டியது வயது வரம்பை. ஐந்து வயது வரை என்றிருந்தால் இரண்டு வயது வரை என்று சுருக்கி, தொகையை அப்படியே வைத்து, கர்ப்பத்தின் முதல் பதிவிலிருந்தே கொடுங்கள். ஆலோசனைக்கு வரும் பணியாளரின் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் போடாதீர்கள். வெட்டு வரும்போது முதலில் கை வைக்கும் தலைப்பு அதுதான். உதவியின் ஒரு பகுதியாகவே வரவுசெலவில் எழுதிவைத்தால் தப்பும்.